கறுப்பு அங்கியை நம்பி 4,85,000 ரூபாய் போயிற்று: சேலத்தில் கனடா விசாவுக்கு அலைபவர்கள் கவனத்திற்கு

சேலம் ஐந்து ரோடு பகுதியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கிவந்த குடியேற்ற ஆலோசனை அலுவலகத்திடம் 4,85,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். நேற்று மாலை போய்ப் பார்த்தபோது கண்ணாடிக் கதவில் "உள்வேலை நடைபெறுகிறது" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. இன்று காலை காவல் நிலையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை இருக்கிறது. என் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஆறு ஆண்டுகளாக வெல்டிங் வேலை பார்க்கிறான். ஏதாவது சந்தேகம் என்றால் நேரில் போய்க் கேட்கலாம் என்பதற்காகவே, சென்னைக்கு அலையாமல் உள்ளூரிலேயே ஓர் இமிக்ரேஷன் வக்கீலைத் தேடினோம். அந்த அலுவலகச் சுவரில், எங்களிடம் பேசிய ஆலோசகர் கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் பெரிய படம் மாட்டியிருந்தது. எந்த நாட்டில், எந்த மன்றத்தில் பதிவு செய்த வக்கீல் என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வயது, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பின்னால் மனைவியை அழைத்துக்கொள்வது என்று தம்பி கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னார். புள்ளிகளை வைத்துக் குடியேறுபவர்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் எண்ட்ரி முறையில் 30 வயது ஆனதும் புள்ளிகள் குறையத் தொடங்கும் என்றார், அது உண்மைதான். ஆனால் மணமாகாத ஒருவருக்கு 29 வயதில் 110 புள்ளிகள், 30 வயதில் 105 புள்ளிகள் என்பதையும், குறைவது வெறும் 5 புள்ளிதான் என்பதையும் அவர் சொல்லவில்லை. 29 முடிவதற்குள் போட்டாக வேண்டும், ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கட்டிவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

அம்மா 1,20,000 ரூபாயை மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஆலோசகர் பணத்தை எண்ணி, அதிலிருந்து 20,000 ரூபாயை எடுத்து அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்து, "இது தம்பியோட மெடிக்கலுக்கு ஆகும், நீங்களே வெச்சுக்கோங்கம்மா" என்றார். அந்த ஒரு நொடியில் நாங்கள் விழுந்துவிட்டோம். வீடு வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டை மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் கனடா நிறுவனம் ஒன்றின் வேலை உத்தரவு என்று ஒரு கடிதத்தைக் காட்டி, இதனால் 50 புள்ளிகள் கூடும் என்று சொல்லி 2,50,000 ரூபாய் வாங்கினார்; என் மனைவியின் தாலிச் செயினும் வளையல்களும் வங்கியில் அடகுக்குப் போனது அப்போதுதான். வேலை உத்தரவுக்கான அந்தப் புள்ளிகளைக் கனடா அரசு 2025 மார்ச் 25 அன்றே நீக்கிவிட்டது. அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு, இல்லாத ஒன்றை எங்களிடம் விற்றிருக்கிறார். செப்டம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளியை அமர்த்த வேலை கொடுப்பவர் வாங்க வேண்டிய எல்.எம்.ஐ.ஏ. என்ற ஒப்புதலுக்கான அரசுக் கட்டணம் என்று மேலும் 1,35,000 ரூபாயை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார். அந்தக் கட்டணம் 1,000 கனடா டாலர். அதை வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. இதெல்லாம் எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

தீபாவளிக்குப் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். பிறகு ஃபைல் தூதரகத்தில் இருக்கிறது என்றார்கள். டிசம்பரில் அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை என்றார்கள். பொங்கல் முடியட்டும் என்றார்கள். விண்ணப்ப எண்ணைக் கேட்டபோதெல்லாம் அது அலுவலக ரகசியம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்று அவர் ரசீதை எடுத்து நீட்டி, "கவுன்சிலிங் கட்டணம், திருப்பித் தர இயலாது" என்று பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். நீங்கள் வக்கீல்தானே என்று கேட்டதற்கு, "நான் எப்போது வக்கீல் என்று சொன்னேன்?" என்றார். உண்மைதான், அவர் வாயால் சொல்லவில்லை. சுவரில் இருந்த படம் சொன்னது.

டொரண்டோவில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் அவருடைய உரிம எண்ணை அங்குள்ள ஆலோசகர்களின் பொதுப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தான். அந்த எண்ணில் இருப்பவர் வேறு யாரோ. தம்பியின் பெயரில் எக்ஸ்பிரஸ் எண்ட்ரி சுயவிவரமே தொடங்கப்படவில்லை. அதைத் தொடங்கக் கட்டணமே கிடையாது. அந்தப் போலிக் கடிதத்தை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தால், பொய்த் தகவல் கொடுத்ததாக என் தம்பிக்கு ஐந்து ஆண்டுத் தடை விழுந்திருக்கும். அதை நினைக்கும்போது 4,85,000 ரூபாயைவிட அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கனடாவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரருக்காகச் செயல்பட, அங்குள்ள மாகாண வழக்கறிஞர் சங்கத்தில் பதிவானவர்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் ஆகியோருக்கே அனுமதி உண்டு. நம் ஊர் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் என்பதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. பதிவேட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல், அதில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400 ரூபாய்தான். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். பணம் போனது தெரிந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நாங்கள் மாதங்கள் கழித்து அழைத்தோம்.

நாளை காலை ரசீதுகளுடன் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறோம். இதே இரண்டாம் மாடியில் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால், ரசீதின் நகலோடு இன்றிரவே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்; சேர்ந்தே போகலாம்.