கங்காவின் அம்மாவா, ராபியாவின் அம்மாவா?

பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ் நாவல் ஒன்றே ஒன்று படிக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்டால், நான் இரண்டைத்தான் எடுத்து வைப்பேன். ஒன்று ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. மற்றது 2004-இல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. இரண்டிலும் நான் முதலில் பார்ப்பது அம்மாக்களை.

ஜெயகாந்தன் 1966-இல் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் காரில் ஏற்றிச் சென்ற ஒருவனால் கெடுக்கப்பட்ட பெண் வீட்டுக்கு வந்து நிற்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வெளியே ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுதான் நாவல். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்த, மாமா தயவில் படித்து, அதிகாரியாகி, கை நிறையச் சம்பாதிக்கும் கங்காவுக்கு அந்த ஒரு கூப்பாட்டிலிருந்து மட்டும் தப்பிக்க வழியில்லை. அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வந்து கங்கா கையில் கிடைப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். ஒரு குடம் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் என்று அவள் அங்கே தெரிந்துகொள்கிறாள்.

குறையும் உண்டு. எல்லோரும் வாதாடுகிறார்கள். கங்கா யோசிக்கும்போதே சில இடங்களில் ஜெயகாந்தன் மேடையேறிவிடுகிறார்.

சல்மாவிடம் மேடையே கிடையாது. அடுப்படி, முற்றம், மூடிய கதவு. முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஒரு சிற்றூர். சிறுமி ராபியா வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய்விட்டு அம்மாவிடம் அடி வாங்குகிறாள். அடிக்கிற அம்மா கொடுமைக்காரி இல்லை, அவளும் அதே வீட்டுக்குள் அடைந்து கிடப்பவள்தான். ஊர் போட்ட வேலியைக் காவல் காக்கிற வேலை பெண்கள் தலையிலேயே விழுந்திருக்கிறது. கட்டிய புருஷனோடு வாழமாட்டேன் என்று திரும்பி வந்த பிர்தவ்ஸின் கதையில் இது எங்கே போய் முடிகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் பெண்கள் தனியாக இருக்கும்போது உடம்பைப் பற்றி, புருஷனைப் பற்றி அடிக்கிற கூத்தும் கேலியும் இருக்கிறதே, அது ஜெயகாந்தனுக்குக் கேட்டிருக்க வழியில்லாத பேச்சு.

இதைப் படிப்பதும் லேசில்லை. முதல் தடவை யார் யாருக்கு என்ன முறை என்று புரியாமல் மூடி வைத்துவிட்டேன். அடுத்த தடவை ஒரு தாளில் உறவுமுறையை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் தாள் தேவைப்படவில்லை.

இரண்டும் வேண்டாம், சின்னதாக ஒன்று போதும் என்பவர்களுக்கு 1994-இல் வந்த பாமாவின் ‘சங்கதி’. தலித் பெண்களின் கதை, பேச்சுத் தமிழிலேயே. இங்கே பெண்ணைப் பூட்டிவைக்க யாருக்கும் வசதியில்லை. வயலில் வேலை, வீட்டில் அடி. ஆனால் ராக்கம்மா புருஷனைத் தெருவில் வைத்துக் கிழிகிழி என்று கிழிப்பாள். அந்த வாய் கங்காவுக்கும் இல்லை, ராபியா வீட்டுப் பெண்களுக்கும் இல்லை.

என் ஓட்டு சல்மாவுக்கு. கங்கா மேல் நமக்குப் பரிதாபம் வரும், கோபம் வரும், ஆனால் நாம் வெளியே நின்றுதான் பார்ப்போம். ராபியாவின் வீட்டில் நமக்கும் ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. தொடர்கதை படித்துப் பழகியவர்கள், கதை விறுவிறுவென்று போக வேண்டும் என்பவர்கள் மட்டும் ஜெயகாந்தனில் தொடங்கலாம். அப்படியானால் ‘அக்கினிப் பிரவேச’த்தை முதலில் படித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.