புதுச்சேரியில் ஒரு வித்தவுட் பயணி

ரயில் வேடம் போட்ட ஒரு மதுக்கூடத்தின் வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் நின்றது. விளக்குகள் சுழல, காசு போட்டால் எடையையும் ஜோசியத்தையும் அச்சிட்ட அட்டையைத் துப்புமே, எழும்பூர் நிலையத்தில் அப்பாவிடம் அடம்பிடித்து ஏறி நின்ற அதே வகை. ஏறிவிட்டேன். போடுவதற்கு நாணயம் இல்லை. கூட வந்த மூன்று பேரிடமும் இல்லை. அவர்கள் நாணயத்தைத் தொட்டே வெகுகாலம் ஆகிறதாம். கறுப்புக் கோட்டு அணிந்த பையன் ஒருவன் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். 86 கிலோ. 'எதிர்பாராத பணவரவு' என்றது ஜோசியம்.

பர்மிங்காமுக்குப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பொங்கலுக்கு வந்தவனைக் கல்லூரித் தோழர்கள் மூவர் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவன் வக்கீல். ஒருவன் மருந்துக் கம்பெனி விற்பனையில் இருந்து ஓய்ந்தவன். மூன்றாமவன் கார்க்காரன், கார் அவனுடையது என்பதால், முப்பது ஆண்டு நட்பில் அவனுக்கு மிஞ்சியது இந்தப் பெயர்தான்.

மாமல்லபுரத்தைத் தாண்டியதும் சாலையை அகலப்படுத்தும் வேலை. செம்மண் புழுதி, திடீர்த் திருப்பங்கள், வழிகாட்டிப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த கற்கள். 150 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே ஓர் அம்மாள் அவித்த பனங்கிழங்கை ஐந்தைந்தாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். 'நான் வாங்குகிறேன்' என்று வீறாப்பாக இறங்கி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. கூடையின் காதில் தொங்கிய கியூஆர் அட்டையைக் காட்டினார். காரிலிருந்து ஒரு கை நீண்டது, பீப் என்றது, முடிந்தது. பயணத்தின் முதல் கடன்.

ஏன் எனக்கு யுபிஐ இல்லை என்று கேட்பீர்கள். 2023 ஜனவரியிலேயே பிரிட்டன் உட்படப் பத்து நாடுகளின் கைப்பேசி எண்களில், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு யுபிஐ தரலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். அதை நம்பி என் வங்கிக் கிளைக்குப் போனேன். கணக்கில் பதிந்திருந்தது என் பழைய இந்திய எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது வேறு யாருக்கோ போய்விட்டது. எண்ணை மாற்ற ஒரு படிவம். படிவத்தை ஏற்க ஓர் உறுதிமொழி. உறுதிமொழியைச் சரிபார்க்கப் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி. அந்த ஓடிபியை இப்போது பெறுகிற புண்ணியவான் எந்த ஊரில் இருக்கிறாரோ. 'ஏழு வேலை நாள் கழித்து வாருங்கள் சார்' என்றார்கள். எட்டாம் நாள் எனக்கு விமானம்.

இனி அந்த மதுக்கூடத்துக்கு வருகிறேன். முழுக்க முழுக்க ரயில் வேடம். மேசைகளுக்கு இருபுறமும் நீல ரெக்சின் இருக்கைகள், தலைக்கு மேலே மடித்து வைத்த பெர்த்துகள், சன்னல்களில் கம்பி. குடிதண்ணீர்க் குவளையைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியை நான் வேறோர் அறையில் பார்த்திருக்கிறேன், இரண்டாம் வகுப்பில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர்கள். மேலாளர் பச்சைக் கொடியோடு ஸ்டேஷன் மாஸ்டர். உணவு தயாரானால் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அந்த அறிவிப்பு. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அதே பெண்குரல், அதே இழுப்பு. 'சமையலறையிலிருந்து புறப்பட்டு இஞ்சி, பூண்டு வழியாக ஏழாம் எண் மேசைக்கு வரும் நெத்திலி வறுவல் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்.' முதல் தடவை கேட்டபோது விற்பனைக்காரனுக்குப் புரையேறிவிட்டது. நான் சிரித்தேன், ஆனால் உள்ளே என்னவோ செய்தது. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் தினமும் அறிவிப்புக் கேட்கிறேன். ஒரு நாளும் என்னை யாரும் 'கனிவான' என்று சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கூட்டம் முழுக்க இளைஞர்கள். புதுச்சேரியில் பதினெட்டு வயதில் குடிக்கலாம், தமிழ்நாட்டில் இருபத்தொன்று ஆக வேண்டும். அந்த மூன்றாண்டு இடைவெளி மொத்தமும் அன்று எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது போலிருந்தது. நரைத்த தலைகள் எங்களுடையவை மட்டுமே. மேல் பெர்த்தில் ஏறி அமர்ந்து குடிக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். முழங்காலை உத்தேசித்துக் கீழேயே இருந்துவிட்டோம்.

குறை, அறிவிப்புக்கும் வருகைக்கும் நடுவில் இருந்தது. நெத்திலி வர நாற்பது நிமிடம். மேசைக்கு மேலே அபாயச் சங்கிலி உண்டு. 'தேவையின்றி இழுத்தால் அபராதம்' என்ற பலகையோடு. நிஜ ரயிலில் இழுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று வக்கீல் விளக்கம் சொல்லிவிட்டு இழுத்தான். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. மறுபடி இழுத்தான். பக்கத்து மேசைப் பையன்கள் கை தட்டினார்கள். மூன்றாம் முறை இழுத்ததற்கு 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. வேடத்தில் இவ்வளவு துல்லியம் தேவையில்லை.

வந்த சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். நெத்திலி மொறுமொறுப்பு. வடகம் தாளித்த மீன் குழம்பு, புதுச்சேரிக்கே உரிய அந்தச் சின்ன வெங்காய வாசனையோடு. இந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வடுவான் என்று பெயரிட்டுத் தங்கள் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்துக் கடைகளில் அது சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டியில், நகைக்கடை விலையில் கிடைக்கிறது. அப்புறம் கழிவறை. 'வண்டி நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்' என்று கதவில் எழுதியிருந்தாலும் உள்ளே உலர்ந்த தரை, சோப்பு, தண்ணீர். ஊருக்கு வருகிற என்னைப் போன்றவர்கள் ஒரு கடையை எடைபோடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்; வெளியே சொல்ல மாட்டோம்.

கார்க்காரன் மட்டும் எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொண்டான். தங்கும் விடுதி இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் அசையவில்லை. இங்கே 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். இங்கிலாந்தில் 80 வரை விடுகிறார்கள். சட்டத்துக்குப் பயப்படாத ஊர் என்று அங்கே உட்கார்ந்து பேசுகிற நான், இந்த எண்ணை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பில் பயணச்சீட்டு வடிவில் வந்தது. ஆறாயிரத்துச் சொச்சம். உணவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் வாட் தனியாக. கடைசி வரியில் 'தட்கல் கட்டணம் 10 சதவீதம்'. வக்கீல் மூக்குக் கண்ணாடியை ஏற்றினான். நாற்பது நிமிடத் தாமதத்துக்குத் தட்கலா? ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, அது சேவைக் கட்டணம், சும்மா வேடிக்கைப் பெயர் என்றார். வேடிக்கைப் பெயர் வைத்தாலும் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்ததையும் வக்கீல் எடுத்துச் சொன்னான். சண்டையே இல்லை. 'சரி சார்' என்று புதுப் பில் வந்துவிட்டது. கேட்டால் எடுத்துவிடுகிறார்கள், கேட்பவர்கள் குறைவு என்ற கணக்கு. லண்டன் உணவகங்களில் பன்னிரண்டரை சதவீதம் போடும்போது, நீக்கச் சொல்ல உரிமை இருந்தும் வெட்கப்பட்டு இத்தனை வருடம் கொடுத்து வந்திருக்கிறேன். அதை நான் சொல்லவில்லை.

இந்தப் பில் என்னுடையது என்று பிடிவாதமாக அட்டையை எடுத்தேன். இயந்திரம் மறுத்தது. சில்லைத் துடைத்துச் செருகினான் பையன். மறுத்தது. தட்டிப் பார்த்தோம். மறுத்தது. 'வெளிநாட்டு அட்டையை இந்த மெஷின் எடுக்காது சார். ஸ்கேன் செய்கிறீர்களா?' என்றான். கறுப்புக் கோட்டு, கையில் சீட்டு, எதிரே எழுந்து நின்று பைகளைத் தடவும் நான். விற்பனைக்காரன் மேசையில் தட்டிச் சிரித்தான்: 'டிடிஇ சார், விடாதீர்கள். சென்னையிலிருந்தே வித்தவுட்டில்தான் வருகிறான்!' அதற்குள் கார்க்காரனின் கைப்பேசி பீப் என்றுவிட்டது.

மற்றவர்கள் வெளியே போனதும் பையனிடம் கேட்டேன், அந்தத் தட்கல் பணம் உங்களுக்கு வருமா என்று. தண்டவாளத் துண்டைப் பார்த்தபடி சிரித்தான், அதுதான் பதில். என் ஐந்நூறு ரூபாய் நோட்டை அவன் கையில் வைத்தேன். ஸ்கேனும் ஓடிபியும் இல்லாமல் பயணத்தில் நான் செலவழித்த முதல் பணம். எடை இயந்திரத்தில் அவன் போட்ட நாணயத்துக்கும் சேர்த்து என்றேன். அவனுக்கு நினைவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில், வண்டிகள் விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைவரை தனியாக நடந்தேன். திரும்பும் வழியில், சந்து முனையில் ஒரு தேநீர்க் கடை. குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது: தோழர்கள் மூவரும் தூக்கத்தில். மீண்டும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். கடைக்காரர் கல்லாவைத் திறந்து காட்டினார், காலி. கண்ணாடிப் புட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கியூஆரைக் காட்டினார். நான் தலையாட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'பரவாயில்லை ஐயா, நாளைக்கு வரும்போது கொடுங்கள்' என்று அடுத்த குவளையைக் கழுவப் போய்விட்டார்.

பத்து மணிக்குக் கிளம்பிவிட்டோம். பதினைந்து ரூபாய் பாக்கி.