மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: மூன்றாவது பந்தைத் துரத்த வேண்டாம்

வயிற்றிலோ நெஞ்சிலோ பெரிய ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் கட்டிலருகே, மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவி அநேகமாக இருக்கும். கொரோனா காலத்தில் தெருமுனை மருந்துக்கடைக்கும் வந்துவிட்டது. விலை சில நூறு ரூபாய். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இதனால் பலன் கிடைப்பது, நர்ஸ் அந்த நோயாளிக்கு என்ன இலக்கு வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான வார்டுகளில் காதில் விழும் இலக்கு “மூணு பந்தையும் தூக்கணும்” என்பதுதான். அங்கேதான் சிக்கல்.

கருவியின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருப்பார்கள். அவை மூச்சின் வேகத்தைக் குறிக்கும் எண்கள், ஒரு நொடிக்கு இத்தனை மில்லி என்ற கணக்கு. நோயாளி வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் அரை நொடி தூக்கினால் உள்ளே போவது சுமார் 600 மில்லிதான். அதே ஆள் மெதுவாக இழுத்து முதல் பந்தை மட்டும் மூன்று நொடி மேலே நிறுத்தினால் குறைந்தது 1800 மில்லி போகும். மூன்று பந்தைத் தூக்கியவருக்குக் கைதட்டல், ஒரு பந்தை நிறுத்தியவருக்கு “இன்னும் நல்லா இழுங்க” என்று அதட்டல். நுரையீரல் விரிந்ததென்னவோ இரண்டாமவருக்குத்தான்.

தையல் வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். இயல்பாக அவ்வப்போது வரும் பெருமூச்சும் நின்றுவிடும். நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் மூடிக்கொள்ளும், சளி தேங்கும், நிமோனியாவுக்கு வழி பிறக்கும். மூடிய அறைகள் திறக்க நேரம் தேவை. அதனால்தான் மெதுவாக இழுத்து, உச்சத்தில் மூச்சை 3 முதல் 5 நொடி அடக்கச் சொல்கிறோம். வேகமாக இழுத்தால் கழுத்தும் தோளும்தான் வேலை செய்கின்றன, அடிவயிறு அசைவதே இல்லை.

இலக்கை நாங்கள் எழுதும் விதம் இது: “முதல் பந்து 2 நொடி, பிறகு 3 நொடி மூச்சை அடக்கல், 10 தடவை, விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை.” அது எளிதானதும் முதல் பந்தை 3 நொடியாக்க வேண்டும், அதன் பிறகே இரண்டாவது பந்து. மூன்றாவது பந்து மேலே போனால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ‘ஸ்பைரோமெட்ரி செய்ய ஊக்குவிக்கப்பட்டது’ என்று மட்டும் சார்ட்டில் எழுதினால், அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு நோயாளி முன்னேறினாரா பின்வாங்கினாரா என்று தெரியாது. நொடியும் எண்ணிக்கையும் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். நேற்று 3 நொடி நிறுத்தியவர் இன்று 1 நொடிக்கு இறங்கினால் முதலில் வலியைப் பாருங்கள், அடுத்து காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாளே கருவியைக் கொடுத்துப் பழக்கி, அப்போதைய அளவைக் குறித்து வைப்பது மிகவும் முக்கியம். மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அளவு பாதியாகக் குறைவது வழக்கம். பழைய எண் கையில் இருந்தால்தான் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல முடியும்.

செய்முறை எளிது. முடிந்தவரை நிமிர்ந்து உட்கார வைத்து, தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, பிறகு உதடுகளை இறுக மூடி உறிஞ்ச வேண்டும். உடனிருக்கும் உறவினர் “ஊதுங்க” என்று சொல்ல, நோயாளியும் ஊதுவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஊதினால் பந்து அசையாது, கருவி கெட்டுவிட்டதாக நினைத்து மூலையில் போட்டுவிடுவார்கள். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓய்வு கொடுங்கள். விடாமல் இழுத்தால் தலைசுற்றும், விரல் மரத்துப்போகும். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் செய்ய வைத்தால் ஒத்துழைப்பு நன்றாக இருக்கும். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பந்து எளிதில் ஏறிவிடும், எனவே நேராக நிற்க வைத்தே பயன்படுத்துங்கள். குழாய் பொருந்தும் இடம் தளர்ந்தால் காற்று கசிந்து, எவ்வளவு இழுத்தாலும் பந்து எழும்பாது. உள்ளே ஈரம் இறங்கினால் பந்து ஒட்டிக்கொள்ளும். வாய்க்குழலை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வையுங்கள். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. இலக்கைக் குறித்து வைக்க இதில் எந்த முள்ளும் கிடையாது என்பதுதான் பெரிய குறை.

அந்த வசதி வேண்டுமென்றால் வால்டைன் 5000 போன்ற, கொள்ளளவு காட்டும் வகை இருக்கிறது. உள்ளே போன காற்றை மில்லியில் காட்டும். பக்கவாட்டுக் குறிமுள்ளை 1000, 1250 என்று நகர்த்தி வைத்தால் நோயாளிக்கு இலக்கு கண்முன் நிற்கும். விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஒல்லியான, வயதான பெண்களுக்கு 5000 வரை போகும் அளவுகோல் மலைப்பைத் தரும், 2500 மாதிரி போதும். கூடவே வரும் வயது-உயர அட்டவணையை அப்படியே இலக்காக வைக்காதீர்கள், அவரவர் பழைய அளவே சரியான இலக்கு. பணம் ஒரு தடையில்லை என்றால் எங்கள் தேர்வு இந்தக் கொள்ளளவு வகைதான்.

எந்தக் கருவியும் தனியாக நிமோனியாவைத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்க சுவாசச் சிகிச்சையாளர் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல், இதை மட்டும் வழக்கமாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆழ்ந்த மூச்சு, இருமல், சீக்கிரம் எழுந்து நடத்தல், போதுமான வலிநிவாரணம் இவற்றோடு சேர்த்தே செய்யச் சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் நுரையீரல் சிக்கல்களைத் தடுக்க அமெரிக்காவின் பாஸ்டன் மெடிக்கல் சென்டர் வகுத்த ‘ஐ-காஃப்’ திட்டத்தில் இந்தக் கருவியோடு வாய் சுத்தம், கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்துதல், நாளுக்கு மூன்று முறையாவது எழுந்திருத்தல் எல்லாம் சேர்ந்தே வரும்.

சொல்வதைப் புரிந்து செய்ய முடியாதவர்களுக்கும், நெஞ்சுக்கூட்டில் காற்று கோத்து இன்னும் சிகிச்சை தரப்படாதவர்களுக்கும் இது கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், சளியில் நிறமாற்றம், மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது வந்தால் பந்தோடு போராடாமல் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.