கர்னலுக்கு எந்த டைமர்: பிஐடியா, ஹெச்பெட்டா, லோக்கல் ஏபிக்கா?

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை ப்ராசஸர்) கணினிக்குச் சொந்தமாக கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுத உட்காருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது பிஐடி (புரோகிராமபிள் இன்டர்வல் டைமர்) என்ற டைமரைத்தான். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து வருவது. போர்ட்டில் மூன்று பைட் எழுதினால் இன்டரப்ட் (ப்ராசஸரை இடைமறிக்கும் சமிக்ஞை) வரத் தொடங்கிவிடும். பேஜ் டேபிள் (மெமரி முகவரிகளை மேப் செய்யும் அட்டவணை) பக்கமே போக வேண்டாம். ஆனால் கவுண்டர் வெறும் 16 பிட். நொடிக்கு 11,93,182 துடிப்பு என்பதால் 55 மில்லிசெகண்டுக்குள் எண்ணி முடித்துவிடும். ஒரே கோர், 100 ஹெர்ட்ஸ் டிக் (நொடிக்கு நூறு இன்டரப்ட்) என்றால் இதுவே போதும். மேலே படிக்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் மெமரியில் மேப் ஆகும் (மெமரி முகவரி வழியாகவே படித்து எழுதும்) டைமர்கள் இரண்டு: ஹெச்பெட் என்ற உயர்துல்லிய டைமர், லோக்கல் ஏபிக் என்ற, ஒவ்வொரு கோரிலும் உள்ள இன்டரப்ட் கட்டுப்படுத்தியின் டைமர். ஒன்றை எடுத்தால் மற்றது வேண்டாம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹெச்பெட் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது. 1 கேபி ரெஜிஸ்டர் பகுதி. எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஏசிபிஐ அட்டவணையில் (ஃபர்ம்வேர் தரும் வன்பொருள் விவரப் பட்டியல்) கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நாமாக ஊகித்து எழுதிவைக்கக் கூடாது. மேப் செய்யும்போது அந்தப் பக்கத்துக்கு கேச்சை முடக்குங்கள். சி மொழியில் பாயின்டருக்கு வாலடைல் போடுங்கள். போடாவிட்டால் கம்பைலர் கவுண்டரை ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொண்டு அதே எண்ணுடன் லூப்பில் சுற்றும்.

எனக்கு இதில் பிடித்தது, தன் வேகத்தைத் தானே சொல்லிவிடுவது. முதல் ரெஜிஸ்டரின் மேல் 32 பிட்டில் ஒரு துடிப்புக்கு எத்தனை ஃபெம்டோசெகண்ட் (நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று இருக்கும். பல கணினிகளில் அது 69841279, அதாவது 14.318 மெகாஹெர்ட்ஸ். இதை 12-ஆல் வகுத்தால் பிஐடியின் வேகம் வரும். 4-ஆல் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலைவரிசை! பழைய பிசியின் படிகத்தின் வேகம் இன்னும் நம் கூடவே வருகிறது.

சரி, பொறி எங்கே? கம்பேரேட்டரில், அதாவது எந்த எண்ணில் இன்டரப்ட் வர வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் ரெஜிஸ்டரில். கவுண்டரும் அதுவும் சமமாகும் அந்த ஒரு கணத்தில்தான் இன்டரப்ட் வரும். தாண்டிப் போயிருந்தால் வராது. 'இப்போது + 20 துடிப்பு' என்று கணக்குப் போட்டு எழுதி முடிப்பதற்குள் கவுண்டர் அந்த எண்ணைக் கடந்திருந்தால், 32 பிட் முறையில் அது முழுச் சுற்று சுற்றிவரும் வரை காத்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். கர்னல் உறைந்துபோய், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் தானே எழுந்து ஓடும். எழுதியவுடன் கவுண்டரை மறுபடி படித்து, கடந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் மருந்து. ரிஸ்க்-5 என்ற வேறொரு ப்ராசஸர் வகையை வடிவமைத்தவர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள்: அங்கே நேரம் குறித்த எண்ணுக்குச் சமமானாலும் தாண்டினாலும் இன்டரப்ட் நிலுவையில் நிற்கும். தவறவிட வழியே இல்லை.

இன்னொரு குறை, ஹெச்பெட் ப்ராசஸருக்கு வெளியே சிப்செட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கவும் மைக்ரோசெகண்ட் கணக்கில் நேரம் போகலாம். எல்லா கோர்களும் சில கம்பேரேட்டர்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் தொட லாக் (பூட்டு) வரும், லாக்கோடு தலைவலியும் வரும்.

லோக்கல் ஏபிக் டைமரில் அந்தச் சிக்கல் இல்லை. கோருக்கு ஒன்று, ப்ராசஸருக்குள்ளேயே. ஷெட்யூலருக்கு (எந்த ப்ரோகிராம் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) இதைவிடப் பொருத்தமான டைமர் எக்ஸ்86-இல் இல்லை. ஆனால் அதன் வேகம் என்ன என்று பல ப்ராசஸர்களில் கேட்க வழியில்லை. புதிய இன்டெல் சிப்களில் மட்டும் சிபியுஐடி என்ற கட்டளை சொல்லும். ஆழ்ந்த தூக்க நிலையில் பழைய ப்ராசஸர்களில் இந்த டைமர் நின்றும் போகும்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இன்டரப்டுக்கு ஏபிக், அதை அளக்கும் முழக்கோலாக ஹெச்பெட். லினக்ஸும் இன்டரப்டுக்கு ஹெச்பெட்டைவிட லோக்கல் ஏபிக்குக்குத்தான் அதிக மதிப்பெண் தருகிறது. பூட் ஆகும்போது ஏபிக் கவுண்டரை உச்ச எண்ணிலிருந்து இறங்க விடுங்கள். ஹெச்பெட் 1,43,182 துடிப்பு நகரும் வரை லூப்பில் நில்லுங்கள், 14.318 மெகாஹெர்ட்ஸில் அது 10 மில்லிசெகண்ட். அதற்குள் ஏபிக் எவ்வளவு இறங்கியதோ, அதை நூறால் பெருக்கினால் அதன் வேகம் கையில்.