மோனோபோலி: பெட்டியில் உள்ள விதிப்படியே ஆடிப் பாருங்கள்

பகடை உருட்டிப் பலகையைச் சுற்றி வந்து மனை வாங்கி, அதில் வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் விளையாட்டு மோனோபோலி. அது நேரத்தைத் தின்னும், கடைசியில் சண்டையில் போய் முடியும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனாலும் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் சொத்து இல்லாதவரின் குடுமி சொத்து உள்ளவரின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எல்லாருக்கும் 1500 டாலர் விளையாட்டுப் பணம் கொடுத்துத் தொடங்குகிறது. முதல் சில சுற்றுகளில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் போல இருக்கும், வாடகை குறைவு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வங்கி 200 டாலர் சம்பளம் தரும். அப்புறம் ஒருவருக்கு ஒரே நிறத்து மனைகள் எல்லாம் சேர்ந்து வீடு கட்டத் தொடங்கியதும் ஆட்டமே மாறிவிடும். போர்டுவாக் என்ற இடத்தில் வெறும் மனைக்கு வாடகை 50 டாலர், அங்கே ஹோட்டல் வந்துவிட்டால் 2000. சம்பளமோ கடைசி வரை அதே 200தான். வாடகை கொடுக்க முடியாமல் போனால் வீட்டைப் பாதி விலைக்கு வங்கியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், மனையைப் பாதி விலைக்கு அடமானம் வைக்க வேண்டும், மீட்கப் போனால் 10 சதவீதம் வட்டி. எவ்வளவு யோசித்து ஆடினாலும் அந்தக் கட்டத்தில் பணம் இல்லாதவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவோடும் ஒரு நஷ்டம் சேர்ந்தே வருகிறது.

இதைவிட முக்கியமானது பலரும் கவனிக்காத இன்னொரு விதி. பெட்டியில் மொத்தம் 32 வீடுகள்தான். தீர்ந்துவிட்டால் யாராவது திருப்பித் தரும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஆட்டம் தெரிந்த பணக்காரர், வீடுகளை வங்கியிடம் திருப்பிக் கொடுத்து ஹோட்டலுக்கு மாற வசதி இருந்தும் மாற மாட்டார், மனைக்கு நான்கு வீடாக அப்படியே நிறுத்தி வைத்துக்கொள்வார், எதிரில் இருப்பவரிடம் மனையும் காசும் இருந்தும் கட்ட வீடு கிடைக்காது. விதிமீறல் எதுவும் இல்லை. இந்த இடத்துக்கு வந்தபிறகு பணம் என்பது பொருள் வாங்குவதற்கு மட்டும் இல்லை, அடுத்தவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தீர்மானிப்பதற்கும்தான். வாடகை பாக்கியில் நிற்பவரிடம் "அந்த ரயில் நிலையத்தை என்ன விலைக்குத் தருகிறாய்?" என்று கேட்பதை விதிப்புத்தகம் பேரம் என்கிறது. மறுக்க முடியாதவரிடம் பேசுவது என்ன பேரம்?

வரியையும் அபராதத்தையும் நடுவில் குவித்து வைத்து, ஃப்ரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது விதியிலேயே இல்லை. தோற்றுக்கொண்டிருப்பவருக்கு லாட்டரி ஆசை காட்டி ஆட்டத்தை இழுப்பதைத் தவிர அதனால் ஒன்றும் நடப்பதில்லை, விட்டுவிடுங்கள்.

இந்த ஆட்டத்தின் மூலத்தை உருவாக்கியவர் லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண். நிலத்தின் மதிப்புக்கு வரி போட்டு அதைப் பொதுவுக்குத் தர வேண்டும் என்ற பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையில் ஊறியவர். நில உடைமை மற்றவர்களை எப்படி ஏழையாக்குகிறது என்று காட்டத்தான் 'நிலக்கிழார் ஆட்டம்' என்று ஒன்றை உருவாக்கி 1904-ல் காப்புரிமை பெற்றார், அந்தப் பலகையில் ஏழைகள் விடுதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போய் எல்லாரும் சேர்ந்து வளரும் இன்னொரு விதிமுறையையும் வகுத்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது, விற்பனையில் பங்கு கிடையாது. மோனோபோலியைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு விற்ற சார்லஸ் டாரோ கோடீஸ்வரர் ஆனார். இந்த அநியாயத்தை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு குறை உண்டு. எல்லாரும் சமமாகத் தொடங்குகிறார்கள், உலகத்தில் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் பால் பிஃப் என்ற உளவியலாளர் இதை மாற்றிச் சோதித்தார். இருவரில் ஒருவருக்கு, நாணயம் சுண்டிப் பார்த்து, இரண்டு மடங்கு பணம், இரண்டு மடங்கு சம்பளம், ஒரு பகடைக்குப் பதில் இரண்டு. சலுகை பெற்றவர்கள் காயைச் சத்தமாகத் தட்டி நகர்த்தினார்கள், போகப்போகத் திமிராகப் பேசினார்கள், ஜெயித்தது எப்படி என்று கேட்டபோது தாங்கள் எப்படி ஆடினோம் என்றே விளக்கினார்கள். நீங்களும் செய்து பாருங்கள்: முதல் ஆட்டம் முடிந்ததும் சொத்தை வங்கிக்குத் திருப்பாமல், ஜெயித்தவர் வைத்திருப்பதை அவரிடமே விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் 1500 கொடுத்து இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்து என்றால் என்ன என்று வேறு பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது மேகியின் அந்த இன்னொரு விதிமுறை பெட்டியில் இல்லை என்பதற்காக. வாங்கும்போது அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டும் எலக்ட்ரானிக் பதிப்பு வேண்டாம், நோட்டுக்கட்டு உள்ளதையே கேட்டு வாங்குங்கள், யார் முன்னால் குவிகிறது, யார் முன்னால் கரைகிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.