உடைந்த காம்போசிட் மட்டைக்கு எபாக்சி ஒட்டு: ஆடிப் பார்த்த பிறகு சொல்கிறேன்

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் தண்டு விரிசல் விட்ட ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, உங்களோடது மாதிரியே இதையும் ஒட்டிக் கொடுங்க" என்று கேட்டான். போன சீசனில் இருந்து ஒட்டிய மட்டையோடு ஆடுகிறேன், அவனும் பார்த்திருக்கிறான். சட்டென்று சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒட்டு நிற்குமா என்றால் நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை அதை ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

என் மட்டை காம்போசிட், அதாவது கார்பன் மாதிரி இழைகளை எபாக்சி என்ற பசையில் இறுக்கிச் செய்தது. அது உடைந்தது கிரிப் (கைப்பிடிச் சுற்று) முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே. எதிரணிக்காரர் மேலிருந்து வெட்டிய வெட்டில் தண்டு குறுக்கே போய்விட்டது. ஆனாலும் இரண்டு துண்டாக விழவில்லை. கார்பன் படக்கென்று முறியும், உள்ளே இருக்கும் மஞ்சள் அராமிட் இழை (கெவ்லார் வகை) முறியாமல் பிடித்துத் தொங்கும். உப்புத்தாள் போட்டால்தான் அந்த இழையின் சுபாவம் தெரியும். கார்பன் கறுப்புத் தூளாக உதிர்ந்து கையெல்லாம் அரிக்கும் (முகமூடி இல்லாமல் தேய்க்கவே கூடாது, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது). அராமிட்டோ தேயவே தேயாது, சோளக்கதிர் நார் மாதிரி பொசுபொசுவென்று கிளம்பி நிற்கும். கூரான கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் கவர் ஒட்டித் தரும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். கண்ணாடி இழைத் துணி சுற்றி, மூக்கைத் துளைக்கும் பாலியெஸ்டர் ரெசின் (இறுகும் பிசின்) பூசி, மேலே பளபளவென்று பெயின்டும் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, சில ஆட்டங்களிலேயே அந்தச் சுற்று முழுசாக உறை கழன்ற மாதிரி வந்துவிட்டது. பாலியெஸ்டர் ரெசின் இறுகிய எபாக்சி மேல் சரியாகப் பிடிக்காது, காம்போசிட் மட்டையோ எபாக்சியில் செய்தது. இது ஃபைபர் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கொடுத்த காசு போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. அது ஆட்டத்தின் நடுவில் கழன்று எவனாவது முகத்தைக் கிழித்திருந்தால் யார் பதில் சொல்வது?

அப்புறம் நானே உட்கார்ந்தேன். என் மட்டையின் தண்டு உள்ளே குழல். பழைய மல்பெரி மர மட்டை ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் ஒரு துண்டை எடுத்துக் குழலின் நீள்வட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்வரை சீவி, எபாக்சி தடவி உள்ளே இறக்கினேன். வெளியே பழைய பெயின்டைச் சுரண்டி, முறிவை நோக்கிச் சரிவாகத் தேய்த்தேன். படகு ஃபைபர் வேலையில் 1 மி.மீ. கனத்துக்கு 12 மி.மீ. நீளச் சரிவு என்று ஒரு கணக்கு உண்டு, அதைக் குறைக்காமல் செய்தேன். அதன் மேல் கார்பன் இழையை முதலில் நீளவாக்கில் படுக்கவைத்து, கடைசியாகப் பின்னல் உறை ஒன்றை இழுத்து மாட்டினேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அந்தக் காலத்து மர மட்டை நரம்போட்டத்தில் பிளக்கும், அதனால் நூலைச் சுற்றிப் பசை போட்டால் போதும், நின்றுவிடும். காம்போசிட்டோ குறுக்கே முறிகிற சாமான். அடிக்கும்போது வளையும் பாரத்தைத் தாங்குவது நீளமாக ஓடும் இழைதான், சுற்றிச் சுற்றிக் கட்டுவதால் அந்த வேலை நடக்காது. எல்லாம் படிந்த பிறகு சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றினேன், மிச்ச ரெசின் பிதுங்கி வெளியே வந்தது.

எபாக்சி கலக்கும்போது தராசு வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) அளவுக்கு மேல் கூட்டி ஊற்றினால் அது இறுகாது, பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். இன்னொன்று, நம் ஊரில் மதியத்துக்கு மேல் மழை இறங்கினால் காற்றே ஈரமாகிவிடும். அந்த நேரத்தில் போட்ட எபாக்சியின் மேல் மெழுகுப் பிசுக்கு ஒன்று படியும். சாதாரணத் தண்ணீரும் தேய்ப்பானும் போதும், கழுவிவிடலாம். கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் உரிந்து வரும்.

பலத்தைப் பொறுத்தவரை நான் எதிர்பார்த்ததைவிடப் பிரமாதம். ஈப்போவில் செயற்கைத் தரையில் முழு வீச்சில் அடித்திருக்கிறேன், இங்கே தோட்டத்துத் திடலில் கல்லும் மேடுமாகக் கிடக்கும் இடத்திலும் அடித்திருக்கிறேன், ஒட்டில் ஒரு கீறல் இல்லை. பந்து போகும் வேகமும் குறையவில்லை. உடைந்ததற்கு முன்னும் பின்னும் அடியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

ஆனால் அந்த மேடு! ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டு லேசாகத் தடித்திருக்கிறது, 1 மி.மீ.தான் கூடுதல் இருக்கும். கண்ணுக்குக்கூடத் தெரியாது. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் கொடுமை. பந்தை இடமும் வலமும் புரட்டிக்கொண்டு ஓடும்போது மட்டையைத் திருப்புவது மேலே இருக்கும் இடது கை, கீழே வலது கை தளர்வாக ஒரு வளையமாகத்தான் இருக்க வேண்டும், மட்டை அதற்குள் சுழல வேண்டும். அந்த வளையம் நிற்கிற இடத்தில்தான் இந்த மேடு. ஒவ்வொரு திருப்பலிலும் உள்ளங்கையில் ஒரு தடக். அந்தத் தடக்கில் பந்து ஒரு விரற்கடை தள்ளிப் போகும், அதற்குள் எதிராளி மட்டையை நீட்டிவிடுவான். தேய்த்துச் சமமாக்கலாமே என்று கேட்பார்கள். தேய்த்தால் போவது மேலே இருக்கும் கார்பன் இழை, அதாவது ஒட்டின் பலமே போய்விடும். கிரிப்பைக் கீழ்வரை இறக்கிச் சுற்றினால் மேடு மறையும், ஆனால் வலது கை ஒட்டிக்கொள்ளும், நழுவாது. இத்தனை மாதம் கழித்தும் என் கை இதற்குப் பழகவில்லை, இனிமேலும் பழகாது. ஆட்டம் முடிந்து வரும்போதெல்லாம் அந்த இடத்தைத்தான் கட்டை விரல் தடவிக்கொண்டே இருக்கிறது, எரிச்சலாக வருகிறது.

விதியும் பார்க்க வேண்டும். 737 கிராமுக்கு மேல் மட்டை இருக்கக் கூடாது, சுற்றியிருப்பது எல்லாம் சேர்த்து 51 மி.மீ. வளையத்துக்குள் நுழைய வேண்டும், எங்கேயும் சொரசொரப்போ கூரோ இருக்கக் கூடாது. கிரிப்புக்குப் பக்கத்தில் கூடும் எடை கைக்கு அவ்வளவாகத் தெரியாது. அதே எடை தலைப்பக்கம் கூடினால் வீச்சே மாறிவிடும்.

அப்படியும் இந்த வேலையில் எனக்கு உண்மையான சந்தோஷம் தலைப்பக்கத்தில்தான் கிடைத்தது. தரையோடு தரையாக மட்டையைப் படுக்கவைத்து ரிவர்ஸ் அடிக்கிற பிள்ளைகளின் மட்டையில் தலையின் ஓரம் தேய்ந்து இழை தெரிய ஆரம்பிக்கும். அங்கே தண்ணீர் இறங்கினால் அடுக்கு பிரியும். தெரிந்தவுடனே நன்றாகக் காயவைத்து, மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு கீற்று, கொஞ்சம் எபாக்சி, பிறகு வழவழவென்று தேய்ப்பு, அவ்வளவுதான். எடை கூடியதே தெரியாது, கை படுகிற இடமும் இல்லை. சனிக்கிழமை பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் மட்டைகள் இதனால்தான் இன்னும் ஓடுகின்றன. புது மட்டை நூறு வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஆயிரத்துக்கு மேல்வரை விற்கும்போது, தோட்டத்துப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒட்டிய மட்டையை வெயிலில் நிறுத்திய காருக்குள் போடவே போடாதீர்கள். வீட்டு வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், மூடிய காருக்குள் நம் ஊர் மதிய வெயில் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

அந்தத் தம்பி இடது விங் ஆடுகிறவன், அவன் பிழைப்பே பந்தைப் புரட்டுவதில்தான். அவனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன், முகம் வாடிப்போய்விட்டது. பின்காப்பில் நின்று பந்தை வெளியேற்றுகிறவன் கேட்டிருந்தால் அன்றைக்கே ரெசின் கலக்கியிருப்பேன். நானும் போன மாதம் அதே மட்டை விலை குறைந்ததைப் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், ஒட்டியதை பெனால்டி கார்னர் அடிக்க மட்டும் பையில் வைத்திருக்கிறேன். அடியில் புதுசைவிட அதுதான் எனக்குப் பிடிக்கிறது, ஆனாலும் தண்டு முறிந்த மட்டையை ஒட்டி ஆடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரெசின் இன்னும் பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது. தலை ஓரம் தேய்ந்த மட்டை இருந்தால் சனிக்கிழமை திடலுக்குக் கொண்டுவாருங்கள், பூசித் தருகிறேன். தண்டு முறிந்ததைக் கொண்டுவர வேண்டாம்.