செட்டியார் தெருவில் ஒரு பழைய அட்டியல்

முப்பது வருசத்துக்கு முந்திச் செய்த கல்லு அட்டியல். மொத்த நிறை 34.60 கிராம். கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் அதுக்குப் போட்ட கணக்கும், பின் ஒழுங்கையில் ஒரு பட்டறையில் உருக்கின பிறகு வந்த கணக்கும் இரண்டு துண்டுக் கடதாசியில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து பழைய நகை விற்கிறவர்கள் எந்த இடத்தில் காசை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை அந்த இரண்டு துண்டும் சொல்லும்.  

முதல் கடை. கதிரேசன் கோயில் மணிச்சத்தம் கேட்கிற தூரம். முதலாளி அட்டியலைப் புரட்டிப் பார்த்தார். உரைகல்லில் ஒரு கீறு, அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம். "இருபத்திரண்டுதான் அக்கா. கல்லுக்கும் அரக்குக்கும் அஞ்சு கிராம் கழிப்பம். கழிவு பத்து வீதம்." 34.60இல் 5 போக 29.60. அதில் பத்து வீதம் போக 26.64 கிராம். 8 கிராம் ஒரு பவுன், ஆக 3.33 பவுன். சொல்லி முடிக்க முதலே கல்குலேட்டர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. தேத்தண்ணியும் வந்துவிட்டது. தேத்தண்ணி குடித்தால் அரைவாசி விற்றமாதிரி என்பது அந்தத் தெருவின் பழைய வழக்கம்.

கல்லையும் அரக்கையும் ஒருக்கால் கழித்தாச்சு. பிறகு வருகிற அந்தப் பத்து வீதம் எதுக்கு? கேட்டால் "பொடி, அழுக்கு, உருக்குச் சேதாரம்" என்று பதில் வரும். மூன்றும் பொய்யில்லை. பாகங்களை ஒட்டப் பொடி வைத்து ஊதுவார்கள். நகை உருகுவதற்கு முந்திப் பொடி உருகவேண்டும் என்பதால் அதில் தங்கம் குறைவு. சின்னச் சின்ன மணி, இதழ், வளையம் என்று ஒட்டுவேலை கூடின அட்டியலில் பொடியும் கூட. நகை 22 கரட் தங்கத்தில் தொடங்கியிருந்தாலும் மொத்தமாக உருக்கினால் 916 (22 கரட்டுக்குரிய, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) வராது. ஒற்றைக் கம்பிக் காப்பில் இந்தக் குறைவு மிகச் சொற்பம். ஆனால் அட்டியலுக்கும் காப்புக்கும் அதே பத்து வீதம் சொல்வார்கள், அங்கேதான் கோபம் வருகிறது. கண்மதிப்புக் கணக்கு எப்போதும் வாங்குகிறவர் பக்கமே சாயும்.

பட்டறை என்றால் ஏணிமாதிரி ஒரு படிக்கட்டு, மேலே பத்துக்குப் பத்து அறை, புகை படிந்த சுவர். இலண்டனில் இப்படியொரு இடத்துக்குத் தீயணைப்புக்காரர் ஒரு நாள்கூட அனுமதி கொடுக்கமாட்டார்கள். ஆனால் மனத்துக்கு ஆறுதல் தந்தது அந்த அறைதான். பத்தர் தம்பி முதலில் கல்லுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, கடதாசியில் கொட்டி நிறுத்தார்: 2.10 கிராம். பிறகு அட்டியலை இலேசாகச் சூடாக்கினார். பதக்கத்தின் பின்பக்கத்தால் அரக்கு கறுப்பாகக் கசிந்து எரிந்தது, கோயில் கொல்லையில் குங்கிலியம் போட்டமாதிரி மணம். கொக்கிக்குள் இருந்த இரும்புச் சுருளையும் கழற்றி வைத்தார். மிச்சத்தை வெட்டி மூசைக்குள் (உருக்குகிற கிண்ணம்) போட்டு, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, அடுப்பைக் கூட்டினார். சில நிமிடத்தில் எல்லாம் ஒரு துளியாகத் திரண்டு ஆடியது. கம்பியால் கலக்கி அச்சில் ஊற்றி, தண்ணீரில் போட்டு, துடைத்துத் தராசில் வைத்தார்: 30.20 கிராம். அரக்கு, அழுக்கு, சுருள் எல்லாமாகப் போனது 2.30. கல்லோடு சேர்த்தால் 4.40. முதல் கடை கண்ணால் கழித்த 5 கிராமுக்குள்ளேயே அழுக்கும் உருக்குச் சேதாரமும் அடங்கிவிட்டன.

அடுத்தது மெசின். தங்கம் எத்தனை வீதம் என்று பார்க்கிற எக்ஸ்றே மெசின் மேற்பரப்பில் சில மைக்ரோன் ஆழம்தான் வாசிக்கும். முழு நகையாக வைத்தால் பொடி வைத்த இடத்தில் குறைவாகவும், திராவகத்தில் கழுவிப் பொலிவாக்கின இடத்தில் கூடவாகவும் காட்டும். உருக்கிக் கலக்கின கட்டியில் இரண்டு பக்கமும் வைத்து வாசித்தால்தான் அது உண்மையான எண். வந்தது 88.4 வீதம், அதாவது 21 கரட்டுக்குச் சற்று மேல். 30.20 கிராமில் சுத்தத் தங்கம் 26.70. அதை 22 கரட்டாக மாற்ற 0.9167ஆல் பிரித்தால் 29.12 கிராம். வாங்குகிறவர் தன் இலாபமாக 2 வீதம் எடுத்தார், மிச்சம் 28.54. முதல் கடையைவிட 1.90 கிராம் கூட, கிட்டத்தட்டக் கால் பவுன். 24 கரட் பவுன் 3 இலட்சம் என்று வைத்தால் 22 கரட் 2 இலட்சத்து 75 ஆயிரம். வித்தியாசம் 65 ஆயிரம் ரூபாய். ஒரு தேத்தண்ணிக்கு அது கொஞ்சம் கூடத்தான்.

இலண்டனில் இந்தச் சண்டையே இல்லை என்று சொல்கிறவர்கள் அங்கே வாங்கின நகையை நினைத்துச் சொல்கிறார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகைக்கு அங்கே முத்திரை வேண்டும். 375, 750, 916 என்று பொறித்திருக்கும், பார்த்ததும் விலை சொல்லலாம். பத்தர் வீட்டுத் திண்ணையில் ஊதிச் செய்த அட்டியலுக்கு முத்திரை எங்கே? அதைக் கொண்டுபோய் இலண்டன் வெம்பிளியில் நகைக்கடைக்காரருக்குக் காட்டிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

கடைக்குள் ஏறினதும் "காசுக்குத்தான், மாத்தி எடுக்க இல்லை" என்று சொல்லிவிடுங்கோ. மாத்தி எடுக்கும்போது கழிவைக் குறைத்துக் காட்டி, புது நகையின் செய்கூலியிலும் சேதாரத்திலும் அதைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பலகையில் எழுதியிருக்கிற விலை விற்கிற விலையா வாங்குகிற விலையா என்று கேளுங்கோ. அது 24 கரட்டுக்கா 22க்கா என்பதும் முக்கியம், இரண்டையும் குழப்பினால் எல்லாக் கணக்கும் பிழை. விலை நாளுக்கு நாள் மாறும். உலகச் சந்தையோடு டொலரும் சேர்ந்து ஆட்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினபோது தங்கமும் கூடவே ஓடியது. அந்த நினைப்பில் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு வராதேயுங்கோ.

வீட்டிலேயே நகையின் நிறையைப் பார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கோ. அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கேட்பார்கள். களவு நகை பயத்தால் கேட்பது, முகம் சுழிக்கத் தேவையில்லை. பழைய பற்றுச்சீட்டு இருந்தால் நல்லது. உருக்கினால் திரும்ப அட்டியலாகாது. ஆகவே விலை, வீதம், வாங்குகிறவரின் பங்கு மூன்றையும் அடுப்பு மூட்ட முந்தியே எழுதி வாங்கவேண்டும். உருக்கின பிறகு "பிடிக்கேல்லை" என்றால் கட்டியோடு தெருவில் நிற்கவேண்டியதுதான். பெரிய தொகையை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கோ. கட்டுக்கட்டாகக் காசை வைத்துக்கொண்டு புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால் நடந்து ஆட்டோ தேடுகிற வயது எல்லாருக்கும் இல்லை.

கல்லுக்கு அவர்கள் ஒரு சதமும் தரமாட்டார்கள், அனேகமாகச் செயற்கைக் கெம்புதான். ஆனாலும் கேட்டு வாங்குங்கோ. மூசையின் அடியில் மின்னுகிற மணியையும் சுரண்டித் தரச் சொல்லுங்கோ. தோடு கொடுத்தால் பின்பக்கச் சுரை இரண்டும் தராசுத் தட்டில் ஏறினதா என்று எண்ணிப் பாருங்கோ.